சங்கர்லாலுக்கு லைசென்ஸ் உண்டா?

தமிழில் துப்பறியும் கதை எழுதியவர்கள் தங்கள் கதாநாயகர்களுக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். கூர்மையான மூளை, கைத்துப்பாக்கி, மாறுவேஷத்துக்கு ஒட்டுத்தாடி, வேகமாக ஓடும் கார், அடிக்கடி தேநீர், சிலருக்கு அழகான காரியதரிசி. ஒன்றை மட்டும் யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. “ஊரார் வீட்டு விஷயத்தை விசாரிக்க உனக்கு யாரப்பா அநுமதி கொடுத்தது?” என்று ஒருவர் கேட்டால், பையிலிருந்து எடுத்து நீட்ட ஒரு காகிதம்.

கதையில் போய் லைசென்ஸ் நம்பரையா தேடுவது என்று வாசகர் சிரிக்கலாம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாத குறையை நம் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் எப்படி மறைத்தார்கள் என்று பார்த்தால், துப்பறியும் கதையின் சரித்திரத்தையே ஒருவாறு பார்த்துவிடலாம்.

முதலில் வடுவூர் துரைசாமி ஐயங்காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே. ஆர். ரங்கராஜுவும் ஆரணி குப்புசாமி முதலியாரும் மேல்நாட்டுத் துப்பறிவாளனுக்கு வேஷ்டி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐயங்கார் ஒரு சாமியாரைப் பிடித்தார். திகம்பர சாமியார் துப்பறிகிறார். இது வெறும் வேடிக்கையல்ல. நம் சமூகத்தில் யார் வீட்டுத் திண்ணையிலும் கேள்வியில்லாமல் உட்காரக்கூடியவர், எந்தக் குடும்பத்தின் ரகசியத்தையும் கேட்டுக்கொள்ள உரிமை பெற்றவர் ஒருவர் உண்டென்றால் அவர் சந்நியாசிதான். காவித்துணிதான் அவருடைய லைசென்ஸ். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்டதற்காகவே ஐயங்காரைப் பாராட்டுவேன். ‘கும்பகோணம் வக்கீ’லை மாடர்ன் தியேட்டர்ஸார் 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்ற பெயரில் படமாக்கியபோது எம். என். நம்பியார் பல வேஷங்களில் வந்தார். ஜனங்கள் ரசித்தார்கள். சாமியாரை யாரும் ‘நீ யார்?’ என்று கேட்கவில்லை.

தேவனின் சாம்புவுக்குக் காவித்துணி இல்லை. பாங்கியில் குமாஸ்தாவாக இருந்த மந்தபுத்திக்காரர். மூக்கும் வழுக்கையுமாக ஒரு மனிதர். அவருக்கு லைசென்ஸ் வழங்கியவர் இன்ஸ்பெக்டர் கோபாலன். அதாவது, கோபாலனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. சாம்பு உளறுகிறார், தடுக்கி விழுகிறார். விழுந்த இடத்தில் குற்றவாளி அகப்படுகிறான். உலகம் ‘மேதை’ என்கிறது. தேவன் ஹாஸ்யத்துக்காகத்தான் எழுதினார். ஆனாலும் தமிழில் துப்பறிவாளன் என்ற பிறவியைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். துப்பறிவாளன் சொல்வது உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. ‘துப்பறிகிறவர் சொன்னார்’ என்பதே போதுமானதாகிவிடுகிறது. ‘அன்று அவருக்கு அதிர்ஷ்டம் இல்லாமல் போயிருந்தால், அகப்பட்டவன் நிரபராதியாக இருந்திருந்தால்?’ என்று தேவன் கேட்கவில்லை. ஹாஸ்யக் கதையில் கேட்கவும் முடியாது.

தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு வேறு வழி. சாம்புவிடம் இல்லாத எல்லாம் இவரிடம் உண்டு: நல்ல உடை, நல்ல தமிழ், நல்ல பழக்கம், வெளிநாட்டுப் பயணம். போலீஸ் அதிகாரிகளே தேடி வந்து யோசனை கேட்கும்போது லைசென்ஸ் எதற்கு? ஒழுக்கமே அநுமதிச் சீட்டு. நல்லவன் விசாரித்தால் நல்லதற்காகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை வளர்ந்தது. நானும் அந்தத் தலைமுறையின் வாலைப் பிடித்துக்கொண்டு, வாடகை நூல் நிலையத்தில் சங்கர்லாலைப் படித்தவன்தான். படித்த சுகத்தை இப்போது மறுக்க மாட்டேன்.

சுஜாதா கெட்டிக்காரர். கணேஷையும் வஸந்தையும் வக்கீல்களாக்கிவிட்டார். வக்கீல் என்றால் பார் கவுன்ஸிலில் பெயர் பதிவாகியிருக்கும்; 1961ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் தலைக்கு மேல் நிற்கும்; கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியிட்டால், ஒழுங்கீனமாக நடந்தால், பெயரை அடித்துவிடலாம். வஸந்த் எத்தனை அசட்டு ஜோக் அடித்தாலும் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. தமிழ்க் கதைகளில் பிறர் வீட்டுக் கதவைத் தட்டக் கொஞ்சமாவது தகுதிச் சீட்டு வைத்திருக்கும் தனியார் துப்பறிவாளர்கள் இந்த இருவர்தாம். ராஜேஷ்குமாரின் விவேக் சர்க்கார் உத்தியோகஸ்தர். அவர் கணக்கில் வரமாட்டார்.

பிறகு பாக்கெட் நாவல் காலம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் ‘மூன்லைட்’ என்று போர்டு மாட்டினார்கள். சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் ‘ஈகிள்ஸ் ஐ’யில் வேலை பார்த்தார்கள். ஆபீஸ், மேஜை, கட்டணம் செலுத்தும் கட்சிக்காரர் எல்லாம் வந்துவிட்டன. உண்மைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்தவை இவைதாம். ஆனால் அங்கேயும் வாசலுக்கு வருவது கொலைதான். மாதம் ஒரு கொலை. ஒரு தாயார் பயந்துகொண்டே படியேறி வந்து, “என் பிள்ளைக்குப் பார்த்திருக்கிற பெண் எப்படி என்று விசாரித்துச் சொல்லுங்கள்” என்று சொல்லும் அத்தியாயத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் நிஜத்தில் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுவது அந்தத் தாயார்தான். கொலையைப் பார்த்துக்கொள்ளப் போலீஸ் இருக்கிறது. தனியார் துப்பறிவாளருக்கு வருவது கல்யாண விசாரணை, விவாகரத்துக்குச் சாட்சியம், உத்தியோகத்துக்கு மனுப் போட்டவனின் பூர்வோத்தரம், கூட்டாளி கணக்கில் கை வைக்கிறானா என்ற சந்தேகம். இவை தேவையற்ற காரியங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தையே பாருங்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை 1961இல் வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல். அதற்கு முன்பே சைக்கிள் கம்பெனியும் டயர்க் கம்பெனியும் வந்தாயிற்று. திருநெல்வேலியிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். பேட்டையில் லேத்துப் பட்டறைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் வந்தபின் இன்னும் தூரத்து ஜனங்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரரின் சொந்த ஊர் எது, தகப்பனார் யார் என்று யாருக்கும் தெரியாது.

முன்னெல்லாம் இந்த வேலையைச் செய்தவர் மாமா. பெண்ணின் ஊருக்குப் பஸ் ஏறிப் போவார். கோயில் மண்டபத்தில் உட்காருவார். காப்பி கிளப்பில் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுப்பார். திரும்பி வந்து, ‘நல்ல இடம்’ என்றோ ‘கொஞ்சம் யோசிக்கலாம்’ என்றோ சொல்வார். மாமாவும் பொய் சொல்லியிருப்பார். பொறாமையால் நல்ல சம்பந்தத்தைக் கலைத்த மாமாக்கள் ஏராளம். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது. நாளைக்கு அதே பந்தியில் உட்கார வேண்டியவர். ‘ஏன் அப்படிச் சொன்னீர்?’ என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இப்போது மாமாவின் இடத்தில் கட்டணம் வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டாருக்கு அவருடைய முகமே தெரியாது.

சில வருஷங்களுக்கு முன் அம்பத்தூரில் எங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். ஏதோ பாங்கியிலிருந்து வருவதாகச் சொன்னார். நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் கடன் கேட்டிருக்கிறார்களாம், விலாசம் சரிபார்க்க வேண்டுமாம். இரண்டு கேள்வி ஒழுங்காகக் கேட்டார். மூன்றாவதாக, “அந்த வீட்டுப் பொண்ணு ராத்திரி எத்தனை மணிக்கு சார் வரும்?” என்றார்.

“கடனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வீடு இருக்கிறதே.

அந்தப் பெண் தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர்க் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட் வேலை பார்த்தவள். தகப்பனார் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. இரண்டு மாதம் கழித்து, தரகர் மூலமாகக் கைக்கு வந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். கதை எழுதுகிறவனுக்குக் காகித விஷயம் தெரியும் என்று நினைத்தார் போலிருக்கிறது. டைப் அடித்த இரண்டு பக்கம். ‘மேற்படியார் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் வெவ்வேறு வாகனங்களில் வந்து இறங்குகிறார். வாகனங்களை ஆண்கள் ஓட்டி வருகிறார்கள்.’

ஒரு வார்த்தை பொய் இல்லை. கம்பெனி வண்டி, தினம் ஒரு வண்டி, ஓட்டுகிறவர் ஆண்.

“சார், இதுக்கு யாருகிட்ட போய்ப் பதில் எழுதறது?” என்று கேட்டார் அவர். தாளில் கையெழுத்து இல்லை. கம்பெனிப் பெயர் இருந்தது. ‘அரசு பதிவு பெற்றது’ என்றும் இருந்தது. ஒரு கம்பெனியைக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழும் பதிவு செய்யலாம். மளிகைக் கடையும் அப்படித்தான் பதிவாகிறது. துப்பறிய அநுமதி என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படி ஓர் அநுமதியே இந்தியாவில் இல்லை.

இங்கேதான் எனக்கு உண்மையான விசித்திரம் தெரிகிறது. அதே தொழிற்பேட்டையில் கேட்டருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை அனுப்பும் கம்பெனிக்கு, தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005இன்படி லைசென்ஸ் வேண்டும். ஒரு ஜில்லாவுக்கு 5,000 ரூபாய், ஐந்து ஜில்லா வரை 10,000, ராஜ்யம் முழுதுக்கும் 25,000 என்று அந்தச் சட்டமே கட்டணம் வகுத்தது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. காவலாளியின் நடத்தையைப் போலீஸ் மூலம் விசாரிக்க வேண்டும். அவரிடம் படம் ஒட்டிய அடையாளச் சீட்டு இருக்க வேண்டும். வேலையில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது. 2006இல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி விதிகள் 100 மணி நேரம் வகுப்பிலும் 60 மணி நேரம் களத்திலும் பயிற்சி கேட்டன. ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்றன. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷத்தில் ஓடிக் காட்டச் சொன்னன.

பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இவ்வளவு. பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு உயரம்கூடக் கேட்பாரில்லை.

சர்க்காருக்கு இது தெரியாமல் இல்லை. தனியார் துப்பறியும் நிறுவனங்கள் ஒழுங்குமுறை மசோதா 2007 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் கொண்டுவரப்பட்டது. மத்தியில் ஒரு வாரியம், ராஜ்யங்களில் வாரியங்கள், லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்யக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. பார்லிமெண்டரிக் கமிட்டிக்குப் போயிற்று. சட்டமாகவில்லை. ராஜ்ய சபையில் வந்த மசோதா லோக் சபை கலைந்தாலும் சாவதில்லை என்பது அரசியல் சட்டத்தின் ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியத்தில் இந்த மசோதா வருஷக்கணக்காகத் தூங்கியது.

மேல்நாட்டை உதாரணம் காட்டலாமென்றால், ஷெர்லக் ஹோம்ஸ் பிறந்த பூமியே காலை வாரிவிடுகிறது. பிரிட்டனில் 2001ஆம் வருஷத்துச் சட்டம் தனியார் விசாரணையாளருக்கும் லைசென்ஸுக்கு வழி செய்தது. 2013இல் உள்துறை மந்திரியாக இருந்த தெரஸா மே ‘கொண்டுவரப் போகிறோம்’ என்று அறிவித்தும் அந்தப் பகுதி அமலுக்கு வரவில்லை. கலிபோர்னியாவில் அப்படியல்ல, மூன்று வருஷம், 6,000 மணி நேர அநுபவம் காட்டினால்தான் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். நம்மவர் நிறைய வாழும் சிங்கப்பூரில் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். அங்கெல்லாம் துப்பறிவாளர் தேவர்களாகிவிட்டார்கள் என்பதல்ல. பெயரை அடிக்க ஒரு பதிவேடு இருக்கிறது, அவ்வளவுதான்.

லைசென்ஸை எதிர்த்துச் சொல்லப்படும் ஒரு வாதம் என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது. நாளைக்குச் சர்க்கார் முத்திரை குத்திவிட்டால், அந்தக் கையெழுத்தில்லாத தாளுக்கு இன்னும் கௌரவம் வந்துவிடாதா? ‘லைசென்ஸ் பெற்றவர் சொல்லியிருக்கிறார்’ என்று மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களே! லைசென்ஸ் கொடுக்கும் மேஜைக்குக் கீழே என்ன நடக்கும் என்பதையும் நாம் அறியாதவர்கள் அல்ல. லைசென்ஸ் ஒருவனை உண்மை பேச வைக்காது. ஆனால் அந்த ஓய்வு பெற்ற தொழிலாளி கேட்டது உண்மையை அல்லவே. தாளில் இருந்தது உண்மைதான். அவர் கேட்டது பதில் எழுத ஒரு விலாசம். பதிவேட்டில் பெயர், விசாரித்தவர் யார் என்ற குறிப்பு, பாங்கிக்காரன் என்று பொய் வேஷம் போட்டால் தண்டனை, விசாரிக்கப்பட்டவர் கேட்டால் அறிக்கையைக் காட்டும் கடமை. இந்த நாலும் இருந்தால் முத்திரையின் கௌரவத்தை நான் பொறுத்துக்கொள்வேன். நாலாவது கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. அதைக் கேட்க ஆள் இல்லை. பணம் கொடுக்கிறவர் எதிர்க்கட்சி அல்லவா?

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அரசனுக்காகத்தான். அப்போதும் அவர் ஒற்றனை நம்பவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொருவனைக் கொண்டு சோதி, ஒருவனை ஒருவன் அறியாமல் அனுப்பு, மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள் என்கிறார். கல்யாண விசாரணைக்கு மூன்று கம்பெனியை வைத்துப் பார்த்த சம்பந்தி யாரையாவது நீங்கள் கண்டதுண்டா?

எங்களுக்குப் பக்கத்தில் பூந்தமல்லியில் ஒரு விசேஷக் கோர்ட்டு இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்கேதான் நடந்தது. தேசத்தின் தேர்ந்த அதிகாரிகள் புலன் விசாரித்த வழக்கு. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை. 1999இல் ஸுப்ரீம் கோர்ட்டு அதைச் சலித்தபோது மரண தண்டனை நாலு பேருக்குத்தான் நின்றது, மூவருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். எந்தப் பக்கம் சரி என்று இங்கே நான் வாதிக்கவில்லை. சர்க்காரின் புலன் விசாரணைக்கே இப்படி ஒரு சல்லடை, அதற்கு மேல் இன்னொரு சல்லடை வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், நாலு வீட்டில் விசாரித்து எழுதிய இரண்டு பக்கத் தாள் குறுக்கு விசாரணையே இல்லாமல் ஒரு பெண்ணின் வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

கோர்ட்டுக்குள் வரும் தாளுக்கும் இப்போது நிலைமை குழப்பம்தான். 2018இல் மகாராஷ்டிரத்தில் தாணே போலீஸார், டெலிபோன் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர் பலரைக் கைது செய்தார்கள். ஒரு பெண்ணின் இண்டர்நெட், ஈமெயில் போக்குவரத்தை வேவு பார்ப்பது பாரதீய நியாய சம்ஹிதையில் குற்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொல்லியாயிற்று. அதையொட்டி, மனைவியின் அழைப்பு விவரங்களைப் புருஷன் அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்ததை 2024 அக்டோபரில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. தம்பதிகளுக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றது. 2025 ஜூலையில் ஸுப்ரீம் கோர்ட்டு, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவியின் பேச்சைப் புருஷன் ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. தம்பதிகள் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அந்த மணவாழ்வு முன்பே உடைந்துபோயிற்று என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சட்ட அறிவோடு எடைபோட எனக்குத் தகுதி இல்லை. நாவலாசிரியன் என்ற முறையில் சொல்ல ஒன்றுண்டு. நம்பிக்கை எந்த இடத்தில் உடைந்தது, வேவு பார்த்த பிறகா, அதற்கு முன்பா என்பது கோர்ட்டு ஒரு வாக்கியத்தில் கடந்துவிடக்கூடிய விஷயம். கதை எழுதுகிறவன் அங்கேயே முந்நூறு பக்கம் உட்கார வேண்டும். பரத்தின் ஆபீஸ் படியில் நான் தேடும் அந்தத் தாயாரையும், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன அந்த ஃபைல்காரரையும் வைத்து இதை எழுதலாம். அவருக்கும் வீடு இருக்கும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருக்கக்கூடும், மாதக் கடைசியில் சம்பளம் வராமலும் இருக்கும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு தெருமுனையில் நின்று வண்டி நம்பர்களைக் குறித்துக்கொள்கிற அந்த மனிதர், கம்பெனி வண்டிதான் என்று தெரிந்தும் அந்த ஒரு வார்த்தையை ஏன் எழுதாமல் விட்டார் என்பதைச் சங்கர்லால் கண்டுபிடிக்க மாட்டார். அதற்கு வேறு ஆசிரியர் வேண்டும். அப்படி ஒரு நாவல் இதுவரை என் கைக்கு வரவில்லை.